சந்தா கவரின் பின்பக்கம்

பிரசங்கம் பாதியைத் தாண்டியபோது அபிகாயிலின் கை தன்னால் கைப்பைக்குள் போய்ப் பென்சிலைத் தேடியது. நாற்பதைக் கடந்தும் அந்தக் கை திருந்தவில்லை. சேலையூரில் அவள் பிறந்து வளர்ந்த சபை அது. போதகர்கள் எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள், மின்விசிறிகள் இருந்த இடத்தில் ஏசி வந்துவிட்டது, பிரசங்கத்தின் நீளம் மட்டும் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை. அப்பா ஞானையாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போன பிறகு, அவள் ஞாயிறுதோறும் தான் இப்போது குடியிருக்கும் அஸ்தினாபுரத்திலிருந்து இங்கே வந்துவிடுகிறாள். ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போய் அம்மாவுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்பாள்.

முந்தின நாள் ஒரு வாசகர் வட்டத்தில் அவளைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பகலெல்லாம் இன்சூரன்ஸ் ஆபீசில் பாலிசிகளோடு மல்லுக்கட்டுகிறவள், வீட்டுக்கு வந்தால் விண்கலக் கதைகள் எழுதுவாள். இரண்டு தொகுப்பு வந்திருக்கிறது. கூட்டத்தின் முடிவில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, மாயக்கதை மீதும் அறிவியல் புனைகதை மீதும் இந்தப் பைத்தியம் முதலில் எதனால் பிடித்தது என்று கேட்டாள். பள்ளிக்கூட நூலகத்தில் கிடைத்த ஒரு புத்தகம் என்று அபிகாயில் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். வாய் கூசாமல் சொன்ன பொய். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அவர் ஏன் பாதியில் விட்டார் என்று சொல்ல வேண்டும். அது அவளுக்கே நிச்சயமாகத் தெரியாது.

அபிகாயில் சிறுமியாக இருந்த நாட்களில் அம்மா அமலராணி பாடகர் குழுவில் முன்னால் உட்கார்ந்திருப்பாள். அப்பாவும் மகளும் பின்வரிசை. அப்பா மின்வாரியத்தில் கிளார்க், சபைக் கமிட்டிக்குச் செயலாளர், வெள்ளைச் சட்டையில் கஞ்சி மடிப்புக் கலையாத மனிதர். அப்படிப்பட்டவர் பிரசங்கம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், இருக்கையில் கிடக்கும் காணிக்கைக் கவர் ஒன்றை எடுத்து மடிமேல் வைத்து, சின்னப் பென்சிலால் ஒரு கோடு போட்டு மகளிடம் தள்ளுவார். அவள் ஒரு கோடு போட்டுத் திருப்பித் தள்ளுவாள். பேச்சு கிடையாது, முறை மாற்றி முறை, அவ்வளவுதான் சட்டம். கோடுகள் கூடிக்கூடி ஒரு கப்பலானது, கப்பல் வானத்துக்குப் போனது, அதற்குள் ஒரு மனிதரும் ஒரு சிறுமியும் குடியேறினார்கள். ஒரு ஞாயிறு விட்ட இடத்தில் அடுத்த ஞாயிறு தொடரும். வாரம் பூராவும் அபிகாயில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து அந்தக் கப்பலையே நினைத்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு ஒன்பது வயதில், ஒரு மாதத்தின் முதல் ஞாயிறு. இருக்கையில் வெறும் கவர் எதுவும் கிடைக்கவில்லை. அப்பா சட்டைப்பையிலிருந்த சந்தா கவரையே திருப்பிப் பின்பக்கத்தில் ஆரம்பித்தார். மாதச் சந்தா போடுகிற அந்தக் கவரின் முன்பக்கத்தில் குடும்ப எண் அச்சடித்திருக்கும். கப்பலின் ஆன்டெனா உடைந்து, அதைச் சரிசெய்ய மனிதர் வெளியே வருகிறார். பின்னால் கதவு சாத்திக்கொள்கிறது. உள்ளே இருக்கும் சிறுமிக்குத் திறக்கத் தெரியாது. அடுத்து அபிகாயிலின் முறை. அவள் ஒரு பூதத்தை வரைந்து மனிதருக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அந்நேரம் பொருளாளர் லாசரஸ் நடைபாதையில் கம்பீரமாக நடந்துபோக, பூதத்துக்கு அவருடைய வழுக்கையும் முறுக்கு மீசையும் வந்துவிட்டன. அப்பாவின் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கி அடக்கிக் கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு. அப்பா அவ்வளவு சிரித்து அவள் பார்த்ததே இல்லை. இனி அவர் முறை, கதவை அவர்தான் திறக்க வேண்டும். பென்சிலைக் கையில் எடுத்தார். அதற்குள் பாட்டு தொடங்கிக் காணிக்கைப் பை வந்துவிட்டது. பழகின கை, யோசிக்காமல் கவரைப் பைக்குள் போட்டது.

அன்று மதியம் ஆலயத்தை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் காணிக்கை எண்ண உட்கார்ந்தவர் சாட்சாத் லாசரஸ்.

அடுத்த ஞாயிறு அப்பா சபைக்கு முன்னால் எழுந்து நின்று, பரிசுத்த ஸ்தலத்தில் தகாத காரியம் செய்துவிட்டேன், மன்னியுங்கள் என்றார். பின்வரிசையிலிருந்து பார்த்த அபிகாயிலுக்கு அவருடைய முதுகும் சிவந்துபோன காதுகளும்தான் தெரிந்தன. செயலாளர் பதவியும் போனது. அதன்பிறகு எந்த ஞாயிறும் அவர் பென்சிலை எடுக்கவே இல்லை. மீசை போட்டது தான்தான் என்பதால் அப்பாவுக்குத் தன்மேல் கோபம் என்று அவள் முடிவுகட்டிக்கொண்டாள். கேட்கப் பயம், பிறகு வீம்பு, அதற்கும் பிறகு காலம் கடந்துவிட்டது.

கப்பலின் மனிதர் வெளியேயே நின்றார். அவரை உள்ளே கொண்டுவர வழி தெரியாமல்தான் அபிகாயில் படிக்க ஆரம்பித்தாள். வேற்றுக் கிரகம், மந்திரக் கோட்டை, கடலடி நகரம் என்று எது கிடைத்தாலும் விடவில்லை. வெளியே மாட்டிக்கொண்ட யாராவது உள்ளே வருகிறார்களா என்றுதான் எல்லாவற்றிலும் தேடினாள். நிறையப் பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவரும் அப்பா இல்லை. இப்போது அவர் பேச்சும் போய்விட்டது, இனி யாரிடம் கேட்பது?

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மட்டன் குழம்பு வாசனை தெருவரைக்கும் வந்தது. அம்மா அடுப்படியில் அப்பாவுக்குச் சோறு குழைத்துக்கொண்டிருந்தாள். வாசகர் வட்டத்தில் சொன்ன பொய்யை அபிகாயில் சிரிப்பாகத்தான் சொல்ல ஆரம்பித்தாள். அப்பாவின் கோபம் என்ற இடத்துக்கு வந்ததும் அம்மாவின் கை நின்றது.

"கோவமா? உன்மேலயா? இத்தன வருஷமா அப்படியா நெனச்சிட்டிருந்த?"

வேறு எப்படி நினைப்பதாம் என்று கேட்டாள் அபிகாயில்.

அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அந்த மீசை சின்னப் பிள்ளை போட்டதுன்னு லாசரஸ் அண்ணன் பாத்தவொடனே கண்டுபிடிச்சிட்டாரு. உன்ன சண்டே கிளாஸ்ல எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும் நிக்கவெச்சு மன்னிப்புக் கேக்கச் சொல்லணும்னு கமிட்டில பேசுனாங்க. இவரு ஒத்துக்கல. எல்லாம் நான்தான் போட்டேன், நானே நின்னு கேக்கறேன், இனிமே கோயில்ல பென்சில் எடுக்க மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டு வந்தாரு. குடுத்த வாக்க மீறுற ஆளா அவரு?"

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீதான் எந்நேரமும் புஸ்தகத்துக்குள்ளயே இருந்தியே. பிள்ள சந்தோஷமா இருக்கு, அத ஏன் கிளறணும்னு விட்டுட்டோம்."

அப்பா மேல் வைத்திருந்த அத்தனை வருஷத்து வீம்பையும் இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அபிகாயிலுக்குத் தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு உள் அறைக்குப் போனாள்.

ஞானையா ஜன்னலோரம் தலையணைகளில் சாய்ந்திருந்தார். ஏர்ஃபோர்ஸ் விமானம் ஒன்று தாழப் பறந்து போக, அவர் கண்கள் அதன் பின்னாலேயே போய்த் திரும்பின. அபிகாயில் கட்டிலில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து இந்த மாதச் சந்தா கவரை எடுத்தாள். காலையில் காணிக்கைப் பையில் போடாமல் வைத்துக்கொண்டது. பின்பக்கம் திருப்பிக் கப்பலை வரைந்தாள், சாத்தியிருந்த கதவை வரைந்தாள், வெளியே நிற்கும் மனிதரை வரைந்தாள். பூதத்தை வரைந்து மீசையை முறுக்கிவிட்டாள். லாசரஸ் கல்லறைக்குப் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவர் பொறுத்துக்கொள்வார்.

"இது கோயில் இல்லப்பா, வீடு," என்றாள். "உங்க முறை."

அவர் கவரை நெடுநேரம் பார்த்தார். வாயின் ஒரு பக்கம் கோணி, தோள் லேசாகக் குலுங்கியது. அவள் பென்சிலை இடது கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். அது நழுவி மெத்தையில் விழுந்தது, மறுபடி எடுத்துக் கொடுத்தாள். கதவின் மேல் பென்சில் முனை வந்து நின்று, நடுங்கி, மெல்ல மெல்ல ஒரு வட்டம் போட்டது. கோழிமுட்டையைப் போலக் கோணலாக, இரண்டு முனையும் சரியாகச் சேராத வட்டம்.

அது கைப்பிடியா, ஜன்னலா, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுமியின் முகமா என்று அபிகாயிலுக்குத் தெரியவில்லை. எதுவென்று கேட்க நிமிர்ந்தாள்.

அவர் அதற்குள் கவரை அவள் பக்கம் தள்ளியிருந்தார். இடது கை பென்சிலை அவளிடம் நீட்டியபடி காத்திருந்தது.