டைம்கீப்பரின் நோட்டு

பேரருவி என்பது அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் முப்பது வருஷம் பிறத்தியார் விண்ணப்பங்களைத் தள்ளுபடி செய்த கையோடு பதினான்கு கவிதைத் தொகுப்புகளும் போட்டிருந்தார். எதையும் திரும்பப் படித்ததில்லை. அதற்குத்தான் வாசகர்கள் இருக்கிறார்களே என்பது அவர் நம்பிக்கை.

வாழ்க்கையில் அவருக்கு ஒரே ஒரு முள். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்த ஒருவன் ஒரே ஒரு ஒல்லிப் புத்தகம் எழுதிவிட்டு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அப்புறம் ஊரில் 'நம்ம கவிஞர்' என்று யார் வாயைத் திறந்தாலும் அவனைத்தான் சொன்னார்கள். பேரருவியைச் சொன்னால், "யாரு, இன்சூரன்ஸ்காரரா?" என்றார்கள்.

நினைவுக் கூட்டம் அறிவித்தபோது அவருக்கு அந்த யோசனை உதித்தது. டைம்கீப்பரின் சொற்களை மட்டுமே எடுத்து, தம் பங்காக ஒன்றும் சேர்க்காமல் ஒரு புதுக் கவிதை. மண் அவனுடையது, கை இவருடையது. எது பெரிதென்று ஊர் அன்றைக்கு ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்.

டைம்கீப்பரின் மனைவி தையல்காரி. இவர் போனபோது ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவர் எழுதி வெளிவராதது ஏதாவது இருக்காம்மா?"

"கவிதையெல்லாம் புத்தகத்துலயே வந்துடுச்சுண்ணா. ஒரு நோட்டு இருக்கு. வெறும் வார்த்தைங்கதான்."

"வார்த்தை போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அவள் தையல் மெஷின் மிதியை நிறுத்தினாள். "அந்த நோட்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும்ணா."

"கவிதையைப் பத்தி எனக்கேவா?" என்று சிரித்தார் பேரருவி.

அவள் நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு நோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

வரிக்கு ஒரு சொல், பக்கத்தில் ஒரு எண். கண்ணீர்க் கடல் – 17. பிரபஞ்சத் தொட்டில் – 42. நகல் எடுத்து, கத்தரித்து, சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். மூன்று நாள் வீடே நின்றுகொண்டு சாப்பிட்டது. "இந்தக் கண்ணீர்க் கடலைக் கொஞ்சம் தள்ளி வைங்க, தட்டு வைக்கணும்" என்றாள் மனைவி. சொற்கள் அவருக்கு வசமாகப் படிந்தன, பல வருஷம் வளர்த்த நாய் மாதிரி. தம் திறமையை எண்ணி அவருக்கே மெய்சிலிர்த்தது.

கூட்டத்தில் வாசித்தார். கைதட்டலும் வந்தது. அத்தோடு இறங்கியிருக்கலாம். மைக் கையில் இருக்கும்போது பேரருவி எப்போது இறங்கியிருக்கிறார்?

"இந்த நோட்டைப் பாத்ததும் எனக்குப் பரிதாபமா இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்துல நம்பர். தம்பி எத்தனை தடவை முயற்சி பண்ணினார்ங்கற கணக்கு. 'பிரபஞ்சத் தொட்டில்', நாற்பத்திரண்டு தடவை. பாவம், அவர் கையில உருப்படல. இன்னைக்கு உருப்பட்டிருக்கு."

முன்வரிசையில் தையல்காரி எழுந்தாள்.

"அண்ணா, அது பக்க நம்பர்."

"எந்தப் புத்தகத்துலம்மா?"

"உங்களோடதுல. முதல் புத்தகம்."

மேடை மேஜையில் விற்பனைக்கு அடுக்கியிருந்த அவருடைய பதினான்கு தொகுப்புகளில் முதலாவதைக் கூட்டச் செயலாளர் உருவினார். நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் புரட்டினார், இருமினார், பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினார். புத்தகம் மேடையின் கடைசி நாற்காலிவரை போய்த் திரும்பியது.

"எழுத உக்காரும்போதெல்லாம் எங்க வீட்டுக்காரர் அந்த நோட்டை ஒரு தடவை படிச்சுக்குவார்" என்றாள் அவள். "இதுல ஒரு வார்த்தைகூடத் தப்பித்தவறித் தன் கவிதையில வந்துடக் கூடாதுன்னு. அன்னைக்கே சொல்ல வந்தேன்."

சிரிப்பு பின்வரிசையில், டிப்போக்காரர்களிடம், ஆரம்பித்தது. முன்வரிசையை எட்டும்போது யாரும் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

அவள் மேடையேறி நோட்டை வாங்கிக்கொண்டாள். செயலாளரிடம் பேனா கேட்டாள்.

"கடைசிப் பக்கம் காலியா இருக்கு. இன்னைக்கு வாசிச்சதுக்கு என்ன தலைப்புண்ணா?"

மைக் இன்னும் அணையவில்லை. பேரருவி தலைப்பைச் சொன்னார்.

"கொஞ்சம் மெதுவா" என்றாள் அவள்.