மைதிலி கறை எடுத்த சாவி

வணக்கம் கண்ணுகளா, எல்லாரும் சௌக்கியமா? வெயில் மண்டையைப் பிளக்கிறதே, வேளைக்கு மோர் குடிக்கிறீர்களா? மூட்டுவலிக்காரர்கள் மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறீர்களா? சரி, அப்படியே கொஞ்சம் உட்காருங்கள். இன்றைக்கு ஒரு கார் சாவியின் கதை. கார் சாவியில் என்ன பெரிய கதை என்று எழுந்துவிடாதீர்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்தக் கறுப்பு டப்பா, பன்னிரண்டு வருஷமாகத் தலைநிமிர்ந்து நடந்த மைதிலியை ஒரே நாளில் தரையைப் பார்க்க வைத்துவிட்டது.

பொங்கலூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. அதில் செக்கிங் பகுதிக்கு மைதிலிதான் சூப்பர்வைசர். தைத்து வருகிற உருப்படிகளை மேசையில் விரித்து, கறை இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. தப்பு தென்பட்டால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். அதோடு விடமாட்டாள். வாசல் பக்கம் ஒரு பலகை இருந்தது. தப்பான உருப்படி அதில் தொங்கும். அதன் கீழே தைத்தவர் பேரும் தேதியும் இருக்கும். பேர் போட்டால்தான் புத்தி வரும் என்பது அவள் சட்டம்.

அந்தப் பலகையில் டெய்லர் அன்புசெல்வி பேர் மாதத்துக்கு இரண்டு தடவையாவது தொங்கும். "எங்கூட்டு ரேசன் கார்டுல ஒருக்காத்தான் எம்பேரு இருக்குதுங்க்கா. நீங்கதான் இத்தனை தடவை எழுதியிருக்கறீங்க" என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். மைதிலி சிரிக்கமாட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் முதலாளி பிரதீப் செக்கிங் மேசைக்கு வந்தான். அப்பா காலத்துக்குப் பிறகு பொறுப்பேற்ற முப்பத்திரண்டு வயசுப் பையன். மைதிலி அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். அவனுக்கு அவள் மைதிலிக்கா. கையிலிருந்த கார் சாவியை மேசையில் வைத்துவிட்டு ஒரு டீஷர்ட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். அதற்குள் போன் வந்தது. பேசிக்கொண்டே ஆபீசுக்குப் போய்விட்டான். சாவி மேசையிலேயே கிடந்தது.

அந்தச் சாவியில் நீல மார்க்கர் மை ஒரு கோடாகத் தீற்றியிருந்தது. கறையைக் கண்டால் மைதிலிக்குக் கை சும்மா இருக்காது. பக்கத்திலேயே ஸ்பாட் கன் இருந்தது. துணியில் கறை எடுக்கிற கருவி அது. பார்க்கவும் துப்பாக்கி மாதிரிதான் இருக்கும். விசையை அழுத்தினால் கறை மருந்து ஊசிபோல் பீய்ச்சும். எண்ணெய்க் கறையோ மைக்கறையோ எதுவும் எதிரே நிற்காது. சாவியின் மேலே நாலு அடி அடித்தாள். வேஸ்ட் துணியால் துடைத்தாள். சாவி புதுசு மாதிரி மினுங்கியது. அவளுக்கே ஒரு திருப்தி.

கொஞ்ச நேரத்தில் டிரைவர் சுடலை வந்தான். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். பிழைப்புக்கு இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது.

"எக்கா, மொதலாளி சாவி இங்கன கெடக்கா?"

எடுத்துக் கொடுத்தாள். துடைத்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது?

மறுநாள் காலையில் சாவி வேலை செய்யவில்லை. சுடலை பட்டனை அமுக்கினான், கார் திறக்கவில்லை. சாவியை உதறினான், சட்டையில் தேய்த்தான். தாடையில் வைத்து அமுக்கினால் சிக்னல் தூரமாக எட்டுமென்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் செய்து பார்த்தான். "கழுத்துல வச்சுப் பாருங்கண்ணா, தாலி மாதிரி" என்று ஜன்னலிலிருந்து அன்புசெல்வி கத்தினாள். பேட்டரி தீர்ந்திருக்கும் என்று பேக்கரிக்குப் பக்கத்துக் கடையில் புதுசு வாங்கிப் போட்டான். உடனே கார் 'பீப் பீப்' என்று சொன்னது. அதே சந்தோஷத்தில் காரைக் கழுவியும் வைத்தான்.

கம்பெனியைச் சோதிக்கச் சென்னையிலிருந்து வந்திருந்த ஆடிட் அம்மா பதினோரு மணிக்குக் கிளம்பினார். மத்தியான விமானத்தைப் பிடிக்கக் கோயமுத்தூர் போகவேண்டும். அவர் பையைக் காரில் வைத்துப் பூட்டினான் சுடலை. அவர் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்குள் சாவி மறுபடியும் செத்துப்போயிருந்தது.

சாவி டப்பாவுக்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அதை உருவிக் கதவைத் திறந்தான். அவ்வளவுதான். திருடன் புகுந்துவிட்டதாக நினைத்துக் கார் ஊளையிட ஆரம்பித்தது. ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் சாவி இல்லை என்று திரையில் எழுத்து வந்தது. தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அறுபது பேரும் ஜன்னலுக்கு வந்தார்கள். ஆடிட் அம்மா கடிகாரத்தைப் பார்த்தபடியே ஒரு வாடகைக் காரில் ஏறிப் போனார். பானெட்டைத் திறந்து ஒயரைக் கழற்றிய பிறகுதான் கார் வாயை மூடியது. பிரதீப் வாயைத் திறந்தான்.

"காத்தால காரைக் கழுவுனியா இல்லியா?"

"கழுவுனேன் சார்."

"சாவி எங்க இருந்துச்சு?"

"பாக்கெட்லதான் சார்."

"பக்கெட்லன்னு சொல்லு. தண்ணிக்குள்ள போட்டுப்போட்டு, தொடைச்சு வச்சிருக்கற. வந்தவங்க முன்னால மானம் போச்சு."

"தண்ணி படவே இல்ல சார். எம் பிள்ளைக மேல சத்தியம்."

"செய்யறதையும் செஞ்சுபோட்டு, பொய்க்குப் பிள்ளைகளைய வேற இழுக்கறயா?"

மைதிலி வாசற்படியில் நின்றிருந்தாள். தொடைச்சு என்று பிரதீப் சொன்னபோதே அவளுக்கு நேற்றைய நாலு அடி நினைவுக்கு வந்துவிட்டது.

பிரதீப் அவள் பக்கம் திரும்பினான். "ஏனுங்க மைதிலிக்கா, நேத்து உங்க டேபிள்லதான வச்சேன்? நல்லாத்தான இருந்துச்சு?"

அறுபது ஜோடிக் கண்கள் அவளைப் பார்த்தன. அதில் பாதிப் பேருடைய பேராவது அவள் பலகையில் தொங்கியிருக்கும்.

"நல்லாத்தாங்க இருந்துச்சு தம்பி."

மூன்றே வார்த்தை. அதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் அதைச் சொன்ன நாக்கு கசந்தது.

"நாளையிலிருந்து நீ வேனை மட்டும் ஓட்டு. காருக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்றான் பிரதீப். வேன் என்றால் விடிகாலை நாலு மணிக்கு மடத்துக்குளம் வரைக்கும் போய் ஆட்களை ஏற்றிவர வேண்டும். பிள்ளைகள் எழுவதற்கு முன்னால் கிளம்பி, தூங்கின பிறகு வீடு திரும்புகிற வேலை. சுடலை பானெட்டை மூடினான்.

கதை இத்தோடு நின்றிருந்தால்கூட அவளுக்குத் தேவலை. பிரதீப் இன்னொன்றும் சொன்னான். "மைதிலிக்கா, சாவியைத் திருப்பூர்ல காட்டிட்டு வரட்டும். நீங்களும் கூடப் போங்க. இவன் கடைக்காரன்கிட்ட என்ன கதை சொல்லுவான்னு தெரியாது. நீங்க இருந்தா நெசம் தெரியும்."

வேனில் போகும் வழியெல்லாம் சுடலை ரோட்டைப் பார்த்தான். மைதிலி தன் கைவிரல்களைப் பார்த்தாள். பல்லடம் தாண்டும்போது ஒரு தடவை வாயைத் திறந்தாள். முன்னால் போன லாரிக்கு சுடலை ஹாரன் அடித்தான். அவள் மூடிக்கொண்டாள்.

சாவி ரிப்பேர்க் கடைக்காரர் பேர் தங்கதுரை. கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு மெல்லிய தகட்டால் டப்பாவை நெம்பிப் பிளந்தார். உள்ளே பார்த்தார். பிறகு மூக்குக்கு அருகே கொண்டுபோனார். இன்னொரு தடவை மோந்தார்.

"தண்ணி பட்டுருச்சுங்களா?" என்று சுடலையே கேட்டான்.

"தண்ணி பட்டா பச்சையாப் பூத்திருக்குங்க. இது சுத்தமா இருக்குது. இந்த ரப்பரைப் பாருங்க, ஊதிக் கெடக்குது. பூட்டற பட்டனை அமுக்கிப் புடிச்சமேனிக்கே ஒட்டிக்கிச்சு. நீங்க கையெடுத்தாலும் சாவி விடாமக் கத்திக்கிட்டே இருந்திருக்குது. எந்த பேட்டரிங்க தாங்கும்? புதுசு போட்டதும் கொஞ்ச நேரம் வேலை செஞ்சிருக்குமே?"

"ஆமா, செஞ்சுது."

"அதேதான். இன்னொண்ணு கேட்டுக்கங்க. சாவியை ஸ்டார்ட் பட்டன் மேல ஒட்டி வச்சு அமுக்கியிருந்தா, பேட்டரி இல்லாமயே இந்த வண்டி கிளம்பியிருக்கும்." தங்கதுரை மறுபடி மோந்து பார்த்துச் சிரித்தார். "பனியன் கம்பெனிங்களா? நானும் எட்டு வருசம் செக்கிங்ல இருந்தவன். இந்த வாசம் சோத்துல கூட வரும். யாரோ புண்ணியவான் இதுக்கு ஸ்பாட் கன் அடிச்சிருக்காரு."

சுடலை மெதுவாகத் திரும்பி மைதிலியைப் பார்த்தான். திட்டியிருக்கலாம். கேட்டிருக்கலாம். சும்மா பார்த்தான், அவ்வளவுதான். அவள் கடையில் தொங்கிய சாவிக்கொத்துகளை எண்ணுகிறவள் மாதிரி நின்றாள்.

தங்கதுரை ஊதிப்போன ரப்பரை உரித்து எடுத்தார். உள்ளே இருந்த சர்க்யூட் தகட்டை மருந்து தொட்டுத் துடைத்தார். ஒட்டிப்போன குட்டி பட்டனைச் சூடுவைத்து எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துப் பற்றவைத்தார். பழைய சாவி ஒன்றிலிருந்து ரப்பரை எடுத்துப் பொருத்தி, பேட்டரியைப் போட்டு, ஒரு சின்ன மீட்டருக்கு முன்னால் அமுக்கினார். விளக்கு எரிந்தது, கையை எடுத்ததும் அணைந்தது. "கையெடுத்தா அணையோணும். அதுதான் நல்ல சாவி" என்றார். கெட்ட ரப்பரைக் காகிதத்தில் மடித்து நீட்டினார். அதை மைதிலிதான் வாங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது அவள் "சுடலை..." என்றாள்.

"விடுங்கக்கா. டீ குடிக்கியளா?"

வேண்டாம் என்று தலையாட்டினாள். அவன் திட்டியிருந்தால் அழுதிருப்பாள். அழுதிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும். டீ வேண்டுமா என்று கேட்கிறவனிடம் என்னத்தைச் சொல்வது?

கம்பெனி வாசலிலேயே பிரதீப் நின்றிருந்தான். "என்னவாம்?"

"பட்டன் ஒட்டிக்கிடுச்சு சார். சரி பண்ணியாச்சு" என்றான் சுடலை. வேறு எதுவும் சொல்லவில்லை.

"தண்ணி பட்டா ஒட்டத்தான் செய்யும்" என்று சொல்லிக்கொண்டே பிரதீப் உள்ளே போனான்.

மைதிலி தன் மேசைக்குப் போனாள். ஒரு டீஷர்ட்டை எடுத்துப் பார்த்தாள், எண்ணெய்க் கறை. அம்பு ஸ்டிக்கரைக் கிழித்தவள் ஒட்டாமல் மேசையில் வைத்தாள். எழுந்து நேராக ஆபீசுக்குப் போனாள்.

"தம்பி, சாவியக் கெடுத்தது நானுங்க. மை இருந்துச்சுன்னு ஸ்பாட் கன் அடிச்சுப்போட்டேன்."

பிரதீப் நிமிர்ந்து பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். "அட, நீங்களாக்கா! போச்சாது, பரவால்ல போங்க. நல்ல மனசுலதான பண்ணுனீங்க. சாவியைக்கூட உருப்படின்னு நெனச்சுட்டீங்களாட்டம்!"

அவளுக்கு அந்தச் சிரிப்பு அறை விழுந்தமாதிரி இருந்தது. அதே சாவிதான், அதே ரிப்பேர்தான். சுடலைக்கு ஏச்சு, இவளுக்குச் சிரிப்பு.

"அவரைய எல்லாரு முன்னாலயும் பேசுனீங்களே தம்பி."

"நாளைக்குக் கூப்பிட்டுச் சொல்லிக்கறேன்க்கா. காரையே ஓட்டட்டும், போதுமா? நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

அவள் வெளியே வந்தாள். டீ நேரம். எல்லாரும் வாசலில் டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். மைதிலி பலகைக்குப் போனாள். காகிதத்தைப் பிரித்து, ஊதிப்போன அந்த ரப்பரைக் குண்டூசியால் குத்தினாள். பக்கத்தில் சிவப்பு அம்பை ஒட்டினாள். கீழே தன் பேரை எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது.

"என்னக்கா அது?" என்றாள் அன்புசெல்வி.

"கார் சாவிக்குள்ள இருந்ததும்மா. அதைக் கெடுத்தது நான். சுடலை தண்ணில போடல. காத்தால எனக்குத் தெரிஞ்சும் சொல்லாம நின்னுட்டேன்."

யாரோ டீயை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் அன்புசெல்விதான், "அக்கா, தேதியும் போடோணும்னு நீங்கதான சொல்லுவீங்க" என்றாள். கிண்டலா, கரிசனமா என்று தெரியாத குரல். மைதிலி தேதியையும் எழுதினாள்.

சுடலை வேன் படியிலிருந்து எழுந்து வந்து பலகையைப் பார்த்தான்.

"இத காலைலயே சொல்லிருந்தியன்னா, எம் பிள்ளைக மேல நான் சத்தியம் பண்ணியிருக்க மாட்டேம்லாக்கா" என்றான். குரலை உயர்த்தவே இல்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் பிரதீப் அவனிடம் சாவியைக் கொடுத்து "பாத்து வச்சுக்க" என்றான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. அதோடு விட்டானா? "ராத்திரிக்குச் சாவி மைதிலிக்கா டிராயர்ல இருக்கட்டும். அவங்ககிட்டன்னா பத்திரமா இருக்கும்" என்றும் சொல்லிவிட்டான்.

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் சுடலை செக்கிங் மேசைக்கு வருவான். ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்துச் சாவியை இரண்டு தடவை அமுக்குவான். வெளியே 'பீப் பீப்' என்று கேட்கும். "நல்லா இருக்கு. பாத்துக்கிடுங்க" என்று சொல்லி மேசையில் வைப்பான். காலையில் எடுக்கும்போதும் அதேபோல் இரண்டு தடவை. கோபமாக இல்லை, மரியாதையாகத்தான். அந்தச் சத்தம் முடிகிற வரைக்கும் மைதிலி தலை நிமிர்வதில்லை. பலகையில் இருக்கிற ரப்பரை எடுத்துவிடலாம் என்று எல்லாரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். அவள் இன்னும் எடுக்கவில்லை.

நம்மில் யாருக்குத்தான் இப்படி ஒரு நாள் இல்லை, சொல்லுங்கள்? தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்று, அடுத்தவர் ஏச்சு வாங்குவதைப் பார்த்த நாள் உங்களுக்கு இருந்தால், கூச்சப்படாமல் கீழே எழுதுங்கள் கண்ணுகளா. பேர் போடாவிட்டாலும் போச்சாது. நான் ஒன்று விடாமல் படிக்கிறேன்.