முப்பத்தொன்றாம் தேதி யாருக்கு?

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஒற்றைப்படைத் தேதிகளில் முடிவெடுப்பது அவர், இரட்டைப்படைத் தேதிகளில் நான். கல்யாணமான புதிதில், ஜன்னல் திரைச்சீலை நீலமா பச்சையா என்று மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த பிறகு இரண்டு பேருமாக உட்கார்ந்து போட்ட சட்டம். பதினேழு வருடமாக அமலில் இருக்கிறது. முப்பத்தொன்றாம் தேதி மட்டும் யாருக்கும் கிடையாது. மறுநாள் ஒன்றாம் தேதியும் ஒற்றைப்படை அல்லவா? தொடர்ந்து இரண்டு நாளை அவருக்குத் தூக்கிக் கொடுக்க நான் என்ன ஏமாளியா? அதனால் அது பொது நாள். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். வருடத்தில் ஏழு தடவை அப்படி ஒரு நாள் வரும். அவர் கேட்பதும் இல்லாமல் நான் கேட்பதும் இல்லாமல், இரண்டு பேருக்கும் பிடிக்காத ஏதோ ஒன்றை அன்றைக்குச் சமைத்துச் சாப்பிடுவோம்.

வெளியிலிருந்து பார்த்தால் நியாயமான ஏற்பாடுதான். உள்ளே நடப்பது வேறு. அவருடைய தேதியிலும் அவர், "நீ என்ன நினைக்கிறே?" என்பார். நான் சொல்வேன். "சரி, அப்படியே செஞ்சிடலாம்" என்பார். ஆக, மாதம் முழுக்க என் ஆட்சி. என் தங்கை என்னைக் கொடுத்துவைத்தவள் என்கிறாள். சுவரோடு குடித்தனம் நடத்தினால் அவளுக்குத் தெரியும்.

அவர் பல் செட் செய்கிறவர். டாக்டர் இல்லை. டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் பட்டறையில் உட்கார்ந்து மெழுகில் வடிவம் பார்த்து, அரம் போட்டு, ஒவ்வொரு பல்லாகப் பதித்து அனுப்புவார். ஒருவரைப் பார்த்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். நான் ரயில் நிலைய அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில், எத்தனை நிமிடம் தாமதம் என்று இருபத்தொரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குரல்தான் என் பிழைப்பு. ஐஸ்கிரீமைத் தொட மாட்டேன், குளிர்ந்த தண்ணீர் குடிக்க மாட்டேன், கத்த மாட்டேன். கோபம் வந்தால்கூட நிறுத்தி, தெளிவாக, இரண்டு தடவை சொல்வேன்.

இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி எனக்கு ஒரு கடிதம் வந்தது. பெருநகரத்தின் மத்திய நிலையத்தில் தலைமை அறிவிப்பாளர் பதவி. எனக்குக் கீழே பன்னிரண்டு பேர். ஜனவரியில் சேர வேண்டும். சம்மதமா இல்லையா என்று முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் போனில் சொல்ல வேண்டும். படித்ததும் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் போட்டேன். வெளியே எடுக்கவே இல்லை.

அவரிடம் ஏன் சொல்லவில்லை? என் தேதியில் சொன்னால், "உன் இஷ்டம்" என்பார். அவர் தேதியில் சொன்னால், "நீ என்ன நினைக்கிறே?" என்பார். எப்படிச் சொன்னாலும் பட்டறையைப் பூட்டிவிட்டு என் பின்னால் வந்துவிடுவார். வர அவருக்கு ஆசைதானா என்பது மட்டும் எனக்குக் கடைசிவரை தெரியாது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்து, இது வருத்தமா அல்லது குழம்பில் உப்புக் குறைவா என்று ஊகித்துக்கொண்டே கிழவியாவேன். அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அதனால் ஒரு வேலை செய்தேன். இருபத்தெட்டாம் தேதி, அதாவது என் தேதியில், "வாங்க, நாலு நாள் ஊர் சுத்திட்டு வரலாம்" என்று அதே நகரத்துக்கு அவரைக் கிளப்பிக்கொண்டு போனேன். இலையுதிர் காலம் என்பதால் அறை வாடகை பாதிதான். ஊர் அவருக்குத் தானாகவே பிடித்துவிட்டால் என் பாரம் இறங்கிவிடும். நம் சாமர்த்தியத்தை நாமே மெச்சிக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது மாடியில் அறை. அலமாரிக் கதவு தானாகவே திறந்து திறந்து எங்களை எட்டிப் பார்த்தது. கீழே தெருவெல்லாம் மஞ்சள் இலை. ஒருவர் நீள விளக்குமாற்றால் கூட்டிக் குவித்துக்கொண்டே போனார். அவர் முதுகுக்குப் பின்னால் மரம் மறுபடி உதிர்த்துக்கொண்டிருந்தது.

நான் அவரை வேண்டுமென்றே பல் மருத்துவமனைகள் இருக்கும் தெருக்கள் வழியாகவே நடத்திக்கொண்டு போனேன். "பாருங்க, இந்த ஒரு தெருவுல மட்டும் நாலு பல் டாக்டர்!"

"ம்."

பஸ்ஸில் ஏறியதும் நடத்துநரை உற்றுப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "மேல் வரிசை செட்டு. பேசறப்போ இறங்குது பாரு. யாரோ அவசரத்துல பண்ணியிருக்காங்க."

நான் பிடித்துக்கொண்டேன். "அப்போ இந்த ஊருக்கு நல்ல ஆள் தேவைப்படுதுன்னு சொல்லுங்க! ஊர் எப்படி இருக்கு?"

"நல்லாதான் இருக்கு. ஆனா..."

"நான்தான் சொன்னேனே! அந்தப் பாலத்துல நின்னு பாத்தா இன்னும் நல்லாயிருக்குமாம், எழுந்திருங்க, அடுத்த ஸ்டாப்."

இப்படியே இருபத்தொன்பது, முப்பது இரண்டும் போயின. ஊர் நல்லாயிருக்கு என்றார். அருங்காட்சியகம் நல்லாயிருக்கு என்றார். விடுதியில் காலையில் கொடுத்த, பஞ்சு மாதிரியான ரொட்டியையும் நல்லாயிருக்கு என்றார். ஊருக்கும் ரொட்டிக்கும் ஒரே மார்க் போட்டால் நான் எதை நம்புவது?

முப்பத்தொன்றாம் தேதி விடிந்தது. இன்றைக்குச் சொல்லியே தீர வேண்டும். பொது நாள் என்பதால் இவரும் வாயைத் திறந்தாக வேண்டும். காலையில் பல் விளக்கும்போது சொல்லலாம் என்று இருந்தேன்; அவர் என் கடைவாயைப் பார்த்து, பிரஷை இன்னும் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். பேச்சு அதோடு போனது. சாப்பிடும்போது சொல்ல நினைத்தேன். வரவேற்பறைப் பெண் வந்து, குதிரைப் பந்தயத்துக்கு இரண்டு இலவச அனுமதிச் சீட்டு இருக்கிறது, போகிறீர்களா என்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "போறோம்" என்றோம். இலவசம் என்றால் மட்டும் எங்களுக்குள் அப்படி ஓர் ஒற்றுமை.

பந்தயத் திடலில் தொப்பி போட்டவர்களும் தொலைநோக்கி தொங்கவிட்டவர்களுமாகக் கூட்டம் நெரிந்தது. ஓடுவதற்கு முன்னால் குதிரைகளை ஒரு வட்டத்தில் நடத்திக் காட்டுகிறார்கள். இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தார். எல்லாரும் காலைப் பார்த்தார்கள், இவர் வாயைப் பார்த்தார்.

"நாலாம் நம்பரைப் பாரு. என்ன ஒரு பல் வரிசை! மேலும் கீழும் அப்படியே பொருந்துது."

"அது என்ன முறுக்கா கடிக்கப்போகுது? ஓடணுங்க. ஏழாம் நம்பர்ல கட்டுவோம். பேரு 'வெள்ளிக் குடை'. மைக்ல சொல்றதுக்கு எவ்வளவு நல்லாயிருக்கு!"

"பேரு ஓடுமா?"

"பல்லு ஓடுமா?"

பொது நாளாயிற்றே. நாலும் இல்லை, ஏழும் இல்லை என்று ஆகி, கடைசியில் ஒன்பதாம் நம்பரில் இரண்டு காபிக்கு ஆகிற காசைக் கட்டினோம். தலை தொங்கிய பழுப்புக் குதிரை. அதன் பெயர் 'நாளை பார்க்கலாம்'. பல்லும் சுமார், பெயரும் விடியாத பெயர். எங்கள் இருவருக்கும் அது பிடிக்கவில்லை என்பதில் மட்டும் முழு ஒற்றுமை இருந்தது.

குதிரைகள் கிளம்பின. நான் குதிரையைப் பார்க்காமல், வர்ணனை செய்கிறவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். எங்கே மூச்சு விட வேண்டும் என்றே அவனுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அவன் வாயில் எங்கள் குதிரையின் பெயர் வந்தது. கடைசியில் இருந்தது ஐந்தாவதாக வந்தது, ஐந்தாவது மூன்றாவதானது, வளைவு திரும்பும்போது எல்லாவற்றுக்கும் முன்னால் பழுப்பாக ஒரு தலை. என்னை அறியாமல் நாற்காலி மேல் ஏறி நின்றிருக்கிறேன். இருபத்தொரு வருடம் பொத்திப் பொத்தி வைத்த குரலை மொத்தமாக எடுத்து விட்டேன். "ஓடு! நாளை பார்க்கலாம், ஓடு! ஓடுடா, ஓடு!" முன் வரிசைக்காரர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

மூக்களவு வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தது. வென்றது நாலாம் நம்பர்.

"பல்லப் பாக்கணும்னு சொன்னேன்ல" என்றார் அவர். நான் பதிலுக்கு வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றேன். சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான், குரல் போய்விட்டது.

மணி நாலு. இவர் ஓடிப்போய் வெந்நீர் வாங்கிவந்தார், குடித்தும் பயனில்லை. ஐந்து மணிக்குள் போன் செய்ய வேண்டும், வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. வேறு வழியே இல்லாமல் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

ஒரு தடவை படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார்.

"பன்னெண்டாம் தேதி வந்திருக்கு."

தலையாட்டினேன்.

"இத்தனை நாளா பையிலயே வச்சிருந்தே. அதுக்குத்தான் இந்த ஊரா?"

தலையாட்டினேன். அவர் என்னைப் பார்த்தபடி பேசாமல் நின்றார். வழக்கமாக இந்த இடத்தில் நான் இருபது வாக்கியம் பேசியிருப்பேன். அவருக்கு ஏன் கோபம் வருகிறது, அது ஏன் தப்பு, முடிவாக என்ன செய்யலாம் எல்லாவற்றையும் நானே சொல்லி முடித்திருப்பேன். அந்த இடைவெளியை அவர் எனக்காக விட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. நான் நிரப்பவில்லை. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்துவிட்டு அவரே பேசினார்.

"எனக்குக் கோவமா வருது."

பதினேழு வருடத்தில் இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

"நான் எதுவுமே சொல்றதில்லன்னு உன் தங்கச்சிகிட்ட சொல்றே. எப்போ சொல்றது? பஸ்ல கேட்டே, ஊர் எப்படின்னு. நான் 'ஆனா'ன்னு ஆரம்பிச்சேன், நீ அடுத்த ஸ்டாப்ல இறங்கிட்டே. சரி, இப்ப சொல்றேன். எனக்கு இந்த ஊர் பிடிக்கல. ஒரே சத்தம். பஸ்ல ஒருத்தர்கூட வாயத் தொறந்து சிரிக்கல, நான் எதைப் பாக்கறது? என் பட்டறை ஜன்னல்ல காலைல ஒம்போது மணிக்கு ஒரு வெளிச்சம் வரும். அதுல வச்சுத்தான் பல்லோட நிறத்தைப் பாப்பேன். அது மாதிரி இங்க கிடைக்குமா, தெரியல."

அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவி, பந்தயச் சீட்டின் பின்பக்கம் எழுதி நீட்டினேன்: 'அப்படின்னா வேண்டாம்னு சொல்லிடுங்க.'

படித்துவிட்டு அதைப் பேனாவால் கோடு போட்டு அடித்தார். "பிடிக்கலன்னு சொன்னேன். வரமாட்டேன்னு சொன்னேனா? ரெண்டும் வேற வேற. உனக்கு இந்த வேலை வேணுமா?"

நான் இப்படியும் இல்லாமல் அப்படியும் இல்லாமல் தலையை அசைத்தேன்.

"நடுவுல ஆட்டாத. ரெண்டு பேருக்கும் பிடிக்காத குதிரையாப் பாத்துக் கட்டற விஷயமில்ல இது. வேணுமா, வேணாமா?"

வேண்டும் என்று தலையாட்டினேன். கழுத்து வலிக்கும்வரை ஆட்டினேன். அழுகை வந்துவிட்டது.

போன் போட்டார். "வணக்கங்க, தலைமை அறிவிப்பாளர் வேலைக்குக் கடிதம் அனுப்பினீங்களே, அவங்க வீட்டுக்காரர் பேசறேன். அவங்களுக்குத் தொண்டை கட்டிடுச்சு... இல்லைங்க, காய்ச்சல் இல்ல. குதிரைப் பந்தயத்துல." நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஆமாங்க, ஜனவரியில வந்துடறாங்க. ரொம்ப ஆசைப்படறாங்க. நானா? நான் ஏப்ரல்லதான் வருவேன்."

அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஏப்ரலா? மூன்று மாதம் நான் இங்கே தனியாகவா? ஆயிரம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவருக்கென்று ஒரு கணக்கு இருக்கும் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார். "இருபத்துமூணு பேருக்கு செட்டு பாதியில நிக்குதுங்க. யாரையும் பொக்கை வாயோட விட்டுட்டு வரமுடியாது... ஊரா? எனக்கு அவ்வளவாப் பிடிக்கலைங்க. வந்து பழகிக்கணும். இந்தாங்க, அவங்ககிட்டயே கேட்டுக்கங்க."

போனை என் வாயருகில் வைத்தார். "வர்றேன்" என்றேன். தகரத்தைச் சுரண்டியது போல இருந்தது. என் புதிய அலுவலகம் என் குரலை முதலில் கேட்ட லட்சணம் அது.

வெளியே வரும்போது அவர் பேசிக்கொண்டே வந்தார். அந்த ரொட்டி வாயில் வைக்க விளங்கவில்லை என்றார். பாலத்தில் நின்றபோது தலை சுற்றியது என்றார். ஜனவரியிலிருந்து யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்றே தெரியவில்லை என்றும் சொன்னார். பஸ்ஸிலும் நிறுத்தவில்லை. எனக்கு ஒவ்வொன்றும் புதிதாக இருந்தது. இத்தனையையும் எங்கே வைத்திருந்தார் இந்த மனுஷன்?

விடுதிக்குப் பக்கத்து மருந்துக்கடையில் நுழைந்தோம். மருந்துக்கடைக்காரர் என் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்து, "ஒரு வாரம் பேச்சே கூடாதும்மா" என்றார். பக்கத்தில் இன்னும் பேசிக்கொண்டே நின்ற என் வீட்டுக்காரரை ஒரு தடவை பார்த்துவிட்டு, நான் இரண்டு விரலைக் காட்டினேன்.

"ரெண்டு நாளெல்லாம் பத்தாதும்மா."

இல்லை என்று தலையாட்டிவிட்டு, கடைக்காரர் மேஜையிலிருந்த பேனாவை வாங்கி எழுதிக் காட்டினேன்: 'இரண்டு வாரம்.'