அம்பயர் ஆன்ட்டி

மேடவாக்கம் சிக்னலில் தண்ணி லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றபோது, பின் சீட்டிலிருந்த அம்மா என் தோளைத் தட்டி, "தலை வலிக்குது ஜோ, திரும்பிப் போயிடலாம்" என்றாள். அதற்கு முன்னால் ராஜகீழ்ப்பாக்கத்தில் அவளுக்கு வயிறு சரியில்லாமல் இருந்தது. சந்தோஷபுரத்தில் கேஸை அணைக்கவில்லையோ என்று சந்தேகம். நான் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன். பதில் சொன்னால் பேச்சு வளரும், வளர்ந்தால் அம்மா ஜெயித்துவிடுவாள். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவளிடம் வாய் கொடுத்து மீள முடியாது. லாரியிலிருந்து சிந்திய தண்ணீர் இருவர் காலையும் நனைத்தது. பச்சை விழுந்ததும் ஸ்கூட்டரை முறுக்கினேன். ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கிற ஆள் இல்லை தபீதாள் டீச்சர். குதிப்பது என் வேலை.

தண்ணீருக்கு மேல் மூன்று மீட்டர் உயரத்தில் துள்ளுகிற ஸ்பிரிங்போர்டு பலகையில் வரிசையாகச் சில வருஷம் மாநில சாம்பியனாக இருந்தவள் நான். கல்யாண வீடுகளில் இதைச் சொன்னால், "ஓ, ஸ்விம்மிங்கா?" என்பார்கள். இல்லை, டைவிங் என்றால், "குதிச்சா தண்ணிதானே, அடியா படப்போகுது" என்பார்கள். அவர்களை ஒருநாள் அந்தப் பலகையில் ஏற்றிக் குப்புறத் தள்ளிவிட வேண்டும். சரியாக விழாதவனுக்குத் தண்ணீர் சிமெண்டுத் தரைதான். முழங்காலைக் கட்டிச் சுருண்டு காற்றில் உருளும்போது எது கூரை, எது தண்ணீர் என்று பழகாத கண்ணுக்குப் பிடிபடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் பழகும் காலத்தில், உடம்பை எப்போது விரிக்கவேண்டும் என்று கரையில் நிற்கும் கோச் கத்திச் சொல்வார். "அவுட்" என்றால் காலை விட்டு நீட்டிவிட வேண்டும். யோசிக்கக் கூடாது.

எங்கள் கோச் ஃபிரெடி சாருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனபோது கத்த ஆளில்லை. கேலரியில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டு, "டீச்சர், நான் கை தட்டினதும் நீங்க கத்துங்க" என்று கிசுகிசுத்தார். பள்ளிக்கூட மைதானத்தின் அந்தக் கோடியில் மண் அள்ளிப் போடுகிறவனை இந்தக் கோடியிலிருந்து நிறுத்துகிற குரல் அவளுடையது. கொஞ்ச நாளில் சார் கை தட்டவேண்டிய தேவையே இல்லாமல் போனது. என் உடம்பு எங்கே திரும்புகிறது என்பது அம்மாவின் கண்ணுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. பையன்கள் அவளுக்கு அம்பயர் ஆன்ட்டி என்று பெயர் வைத்தார்கள். சாருக்குக் குணமான பிறகும் அந்த வேலை அம்மாவிடமே நின்றது. டைவ் பழகி முடிந்ததும் குரலை நிறுத்திவிட வேண்டும், அதுதான் முறை. எங்களுக்கு மனசு வரவில்லை. அவள் குரல் இருக்கும்போது எனக்குப் பயம் என்பதே இருந்ததில்லை.

போட்டியில் யாரும் கத்தக் கூடாது. அது அம்மாவுக்கும் தெரியும். போன வருஷம் மாநிலப் போட்டியில் கடைசி டைவ் இன்வர்ட். தண்ணீருக்கு முதுகைக் காட்டிப் பலகையின் நுனியில் நின்று, பின்னால் எம்பி, பலகையின் பக்கமாகவே இரண்டரைச் சுற்று உருள வேண்டும். தலை பலகையில் மோதிவிடுமோ என்று பார்க்கிறவர்களே கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் உருண்டுகொண்டிருக்கும்போது கேலரியிலிருந்து அம்மாவின் வாய் தானாகத் திறந்துவிட்டது. "அவுட்." பதற்றத்தில் ஒரு இமைப்பொழுது முந்திவிட்டாள். என் கால்கள் அவள் பேச்சைக் கேட்டன. குப்புற விழுந்து இடது காதுச் சவ்வு கிழிந்தது. வெளியாள் உதவி என்று அந்த டைவுக்குப் பூஜ்ஜியம் வேறு. அடி பாதி, அவமானம் பாதி.

அன்றிலிருந்து அம்மா நீச்சல் குளத்துப் பக்கமே வரவில்லை. "நுணலும் தன் வாயால் கெடும்" என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்வாள். நுணல் அவள், கெட்டது நான். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது அவள் குரல் இறங்கியதுதான். வகுப்பில் பிரம்பால் மேஜையைத் தட்டித்தான் அமைதிப்படுத்துகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைக்கிறாள். பக்கத்தில் நிற்கிற எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும்.

காது ஆறியதும் மறுபடி ஏறினேன். உடம்பு குரலுக்காகக் காத்திருந்தது. வராததைத் தேடி முன்னாலோ பின்னாலோ விரிந்து, நாள் தவறாமல் அடி வாங்கினேன். அப்போதுதான் ஃபிரெடி சார் எல்லாரையும் தப்புத் தப்பாகக் கத்தச் சொன்னார். கண் தண்ணீரைப் பார்க்கும்வரை, எவன் கத்தினாலும் விரியக் கூடாது. குளத்துக்குக் குளோரின் போடுகிற பொன்னுசாமி அண்ணன்கூட, "இந்தாம்மா, அவுட்டு, அவுட்டு, எயிந்திரு" என்று இஷ்டத்துக்குக் கத்துவார். மாதக்கணக்கில் பழகி எல்லாக் குரலையும் தாண்டிவிட்டேன். ஒன்று பாக்கி. நாளைக்குப் போட்டி. அதனால்தான் அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

கரையில் நின்று அவள் முதலில் கத்தியது எனக்கே கேட்கவில்லை. "இன்னா ஆன்ட்டி, ஜெபமா பண்றீங்க" என்றார் பொன்னுசாமி அண்ணன். அடுத்த முறை கத்தினாள். பழைய குரல், முழுக் குரல், வேண்டுமென்றே முந்திக்கொண்டு. மாதக்கணக்கில் பழகியதெல்லாம் எங்கே போனதோ, என் கால்கள் விரிந்துவிட்டன. வயிறும் தொடையும் தண்ணீரில் பளாரென்று அறைந்தன. மேலே வந்தபோது அம்மா ஈரத்தரையில் மண்டியிட்டுக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"போதும்டி. ஒரு தடவ உன் காதைக் கிழிச்சது போதும். நான் வீட்டுக்குப் போறேன்."

"நீ வீட்ல இருந்தாலும் என் காதுக்குள்ளதாம்மா இருக்க" என்றேன். மூச்சு வாங்கியது. "நாளைக்கு மேல நின்னா, நீ கத்துவியா மாட்டியான்னுதான் யோசிச்சிட்டு நிப்பேன். இன்னைக்கே அதை முடிச்சுக்கணும். கத்து. தப்பா கத்து."

"அடிபட்டா?"

"படட்டும். எனக்குத்தான பழக்கம்."

அவள் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். அதன்பிறகு எத்தனை முறை ஏறினேன் என்று தெரியாது. தொடை இரண்டும் தக்காளி நிறத்துக்கு வந்தன. கடைசியில் ஒரு முறை அவள் கத்தியது முழுசாகக் காதில் விழுந்தது. அம்மா கத்துகிறாள் என்று தெரிந்தது, முழங்காலை இன்னும் இறுக்கிக்கொண்டேன். தண்ணீரின் நீலம் கண்ணில் பட்டது. விட்டேன். உள்ளங்கை முதலில் தண்ணீரைத் தொட்டது, பிறகு அடியில் ஒரே அமைதி. மேலே வந்தால் அம்மா அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். பொன்னுசாமி அண்ணன் காதைக் குடைந்துகொண்டு, "குரலா இது, செவுரே ஆடிப்போச்சு" என்றார்.

மறுநாள் போட்டியில் கடைசிச் சுற்று வரும்போது பதினாறு வயது தேவதர்ஷினி என்னைவிடக் கொஞ்சம் முன்னால் இருந்தாள். நல்ல பிள்ளை, பயமே அறியாதது. கடைசி டைவுக்கு என் பெயரையும் இன்வர்ட் இரண்டரையையும் மைக்கில் சொன்னார்கள். நடந்துபோய்ப் பலகையின் நுனியில் திரும்பினேன். குதிகால்கள் வெளியே காற்றில், முன்பாதம் மட்டும் பலகையில். எதிரே கேலரி. இன்வர்ட்டுக்கு நிற்கும்போது என் முகம் எந்தப் பக்கம் இருக்கும் என்று தெரிந்தே, அம்மா நேர் எதிரில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது.

ரெஃப்ரி விசில் ஊதினார்.

இனி கையைத் தூக்கினால் டைவ் தொடங்கிவிடும். நான் தூக்கவில்லை. அம்மாவைப் பார்த்தேன். மெதுவாகத் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவளுக்குப் புரிந்தது, புரியாத மாதிரி இன்னும் அழுத்திக்கொண்டாள். நான் அசையவில்லை. காலடியில் பலகை ஆடி ஆடி நின்றது. கேலரியில் யாரோ இருமினார்கள். அம்மா ஒரு கையை எடுத்தாள், பிறகு மற்றதை. துணியை வாயிலிருந்து உருவி மடியில் போட்டாள். அதன் நுனி எச்சிலில் நனைந்து கசங்கியிருந்தது. வாய் பாதி திறந்தபடி, ஒரு சத்தமும் இல்லாமல், என்னையே பார்த்தாள்.

நான் கைகளைத் தூக்கினேன்.