இடப்பக்கம் நகர்ந்த வரி

2007ஆம் ஆண்டு வெள்ளவத்தையில், ஒரு புடைவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த மென்பொருள் கம்பனியில் எல்லோருக்கும் கழுத்து நொந்தது. அங்கே வேலை செய்த கிளறன்ஸ் எழுதிய கணினி நிரலை வாசித்தவர்களின் தலை, வரிகள் சாய்ந்த பக்கமே சாய்ந்து அப்படியே நின்றுவிட்டது. காலி வீதிச் சோதனைச்சாவடியில் அடையாள அட்டைப் படத்தோடு அவர்களின் முகத்தை ஒப்பிடச் சிப்பாய்களும் தலையைச் சாய்த்துப் பழகிக்கொண்டார்கள்.

கிளறன்ஸ் கொட்டாஞ்சேனைக்காரன், தகப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கம்பனியில் மூத்தவரான வரதராசாவோ வரிகளின் முன்னால் விடும் இடைவெளிகளைக் கையாலேயே தட்டி, வரிகளை இஸ்திரி போட்ட சேட்டுகள் போல அடுக்கி வைப்பார். “இதென்ன ஐசே, கொப்பர் மூட்டை எறிஞ்ச மாதிரி எழுதியிருக்கிறீர்?” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வார். “அப்பா எறிஞ்சது ஒண்ணும் கடல்ல விழல்லயே, அண்ணன்” என்பான் கிளறன்ஸ்.

வத்தளைத் தையல் தொழிற்சாலை ஒன்றுக்கு அவர்கள் செய்துகொடுத்த சம்பள நிரல், பிந்தி வந்தவர்களுக்கு வெட்டவேண்டிய அரைநாள் கூலியை எல்லாப் பெண்களுக்கும் வெட்டிவிட்டது. அதில் இருவரும் கைவைத்திருந்தார்கள். வரதராசா தன் பகுதியைத் திறந்தும் பார்க்காமல், கோணல் யாருடையதோ பிழையும் அவனுடையது என்றார். முதலாளி கிளறன்ஸை வேலையால் நிறுத்தி, கம்பனி அட்டையையும் வாங்கிக்கொண்டார். இராணுவத்தின் அடுத்த சுற்றிவளைப்பில் எங்கே வேலை என்று கேட்டபோது அவனிடம் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. கோயில் பங்குச் சுவாமி போய்க் கதைக்கும்வரை பொலிசில் அடைபட்டிருந்தான்.

புதிதாகச் சேர்ந்த ஜெகதீஸ்வரி நோவு தாங்காமல், நிரலைத் தானே ஒழுங்காக அடுக்கும் மென்கருவியொன்றை இணையத்திலிருந்து இறக்கினாள். “ஒரு பட்டனை அமத்தினா ஆர் எழுதினதும் ஒரே மாதிரி வரும். இதுக்கேன் கழுத்தோடை மாரடிக்கிறியள்?” அமத்தினாள். கழுத்துகள் நெட்டி முறிந்து நிமிர்ந்தன. இடைவெளிச் சண்டைகள் அன்றோடு ஒழிந்தன. யார் எழுதியது என்று பாராமல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முடிந்தது. கிளறன்ஸின் வரிகளில் பிழையே இல்லை. வரதராசாவின் பகுதியில், ‘பிந்தி வந்தால்’ என்ற நிபந்தனைக்குள் அழகாகத் தள்ளி வைத்திருந்த கூலி வெட்டும் வரி, எல்லோரும் பார்க்க இடப்பக்கம் நகர்ந்து வெளியே வந்து நின்றது. எந்தெந்த வரிகள் நிபந்தனைக்குள் அடங்கும் என்று கணினிக்குக் காட்டும் அடைப்புக்குறியை அவர் போட மறந்திருந்தார். கணினிக்கு அது என்றைக்கும் வெளியேதான், கண்ணுக்குத்தான் உள்ளே.

“வரதண்ணை, இது உங்கடை எல்லோ?” என்றாள் ஜெகதீஸ்வரி.

“ஓம்” என்றார். அப்போது குனிந்த தலை பிறகு நிமிரவில்லை. டாக்குத்தர்மார் ஒன்றும் காணவில்லை. சலூன்காரர் நிலத்தில் குந்தியிருந்து அவருக்குச் சவரம் செய்யப் பழகினார். பெண்களின் கூலி திரும்பிப் போனது. முதலாளி ஆளனுப்பியும் கிளறன்ஸ் வரவில்லை; மட்டக்குளியில் மீனுக்கு ஐஸ் உடைக்கும் வேலைக்குப் போய்விட்டான். வரதராசா மூன்று முறை மட்டக்குளி பஸ்ஸில் ஏறி, மூன்று முறையும் பாதி வழியில் கிராண்ட்பாஸில் இறங்கித் திரும்பினார். கிளறன்ஸிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு இன்னும் கடனாகவே இருக்கிறது.