நிலைமை மாறாது என்று சொல்ல வேண்டும்

திவாலானால் எல்லாக் கடனும் ஒழிந்துவிடும் என்றுதான் லவோன் புரூயிட் நினைத்திருந்தாள். கிரெடிட் கார்டு போகுமாம், ஆஸ்பத்திரி பில் போகுமாம். மருத்துவ உதவியாளர் படிப்புக்கு வாங்கிய அரசாங்கக் கடன் மட்டும் கழுத்தைவிட்டு இறங்காதாம். அந்தப் படிப்பால் கிடைத்த வேலையோ, நோயாளி ஒருவரைத் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டதோடு முடிந்துபோனது. இப்போது அமெரிக்காவின் டொலீடோ நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.

"அது மட்டும் ஏன் போகாது?" என்று வக்கீல் கஸ் ஹடாடைக் கேட்டாள்.

"அதுக்குத் தனியா வழக்குப் போடணும், லவோன். முக்காவாசிப் பேரு போடறதில்ல."

"ஏன்?"

"கிடைக்காதுன்னு அவங்களே முடிவு பண்ணிக்கிறாங்க."

"கேக்காமலேயா? நல்ல கூத்தா இருக்கே! போடுங்க வழக்க."

எதையும் துருவாமல் விடுகிற பிறவி இல்லை அவள். தவிர, கடன் தீராமல் அப்படியே இருந்தால் அரசாங்கம் சம்பளத்தில் கைவைக்கும், வாடகைக்கு மிஞ்சாது, அவளும் மகள் இமானியும் காருக்குள் குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

கட்ட முடியவில்லை, கட்ட முயன்றேன், இனியும் முடியாது என்று மூன்றையும் நிரூபிக்க வேண்டும். ஹடாட் நீதிபதி மாதிரி முறுக்கிக்கொண்டு ஒத்திகை பார்த்தார்.

"இன்னும் சில வருஷத்துல உங்க நிலைமை எப்படி இருக்கும்?"

"சூப்பரா இருக்கும், ஐயா!"

ஹடாட் தலையில் அடித்துக்கொண்டார். "ஜெயிக்கிற கேஸுக்கு நீங்களே உலை வைக்கிறீங்களே!"

"பழக்கதோஷம், வக்கீல் சார். இந்த ஊர்ல எப்படி இருக்கேன்னு யாராவது கேட்டா, நாசமாப் போயிட்டேன்னா சொல்லுவோம்?"

வாஸ்தவம்தான். வேலைக்குப் போய் உட்கார்ந்தாலும், தேவாலய வாசலில் நின்றாலும், கடையில் சில்லறை வாங்கினாலும் அங்கே 'சூப்பர்' என்ற ஒரே பதில்தான். வாய் தானாகச் சொல்லிவிடும்.

"பொய் சொல்ல வேணாம். நிஜத்தைச் சொல்லுங்க, போதும்" என்றார் ஹடாட்.

நிஜம் என்றால் எது? லவோனுக்கு அதுதான் வேடிக்கையாக இருந்தது. இத்தனை நாள் அதை அவள் யாரிடமும் கேட்டதே இல்லை. நேரே முதுகு டாக்டரிடம் போய், "இது சரியாகுமா, ஆகாதா? மழுப்பாம சொல்லுங்க" என்றாள். அவர் எக்ஸ்ரேயை எடுத்துக் காட்டினார். பிறகு, "ஆகாதும்மா" என்றார். பேருந்து நிர்வாகியிடம் சம்பள உயர்வு பற்றிக் கேட்டாள். அந்த ஆள் சிரித்தே விட்டார்.

வழக்கு நாளன்று பனி கொட்டியதால் பள்ளிக்கூடம் இல்லை. இமானியும் கூடவே வந்து பின் வரிசையில் உட்கார்ந்தாள். அரசாங்க வக்கீல் எழுந்து, எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார்.

லவோனின் வாய் பழைய பதிலுக்குத் தயாராகிவிட்டது. மகள் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறாள். லவோன் அந்தப் பதிலை விழுங்கினாள்.

"மாறாதுங்க. முதுகு சரியாகாது. பஸ் ஓட்டற வரைக்கும் இதே சம்பளம்தான். அதுக்கப்புறம் அதுவும் இல்ல."

மேற்கொண்டு கேள்வி இல்லை என்று அரசாங்க வக்கீல் உட்கார்ந்தார். கடன் ரத்து என்றார் நீதிபதி.

வெளியே ஹடாட் அவள் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். "ஜெயிச்சுட்டீங்க, லவோன்!"

இமானி மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா, உள்ள சொன்னியே, அதெல்லாம் நிஜமா?"

"நிஜம்தான்."

"அப்ப என்கிட்ட ஏன் சொல்லல?"

"எனக்கே அங்க சொன்னப்பத்தான்டி உறைச்சுது" என்றாள் லவோன். நடைபாதைப் பனியில் நின்றபடியே, வாய்விட்டு அழுதாள்.