தரைக்கும் சீட்டுக்கும் நடுவில்

உள்ளங்கையை முழங்காலில் ஊன்றி, மறு கையால் கதவோரத்தைப் பற்றி, ஊன்றிய கை மெல்லத் தொடைக்கு நகர்ந்து, தொடையைக் கீழே அழுத்தி உடம்பை மேலே கொண்டுவந்து, தன் காலையே தனக்கு ஏணியாக்கிக்கொண்டு ஏறுகிறான், கண்ணாடிச் சுவர் வழியே பைபாஸ் ரோட்டு வெயில் உள்ளே வந்து ஷோரூம் தரையில் விழுந்து கண்ணைக் கூசவைக்கிறது, அந்தக் கூச்சத்தில் ஏறுகிறவன் யார் என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை, என் மகன் லிகித்தா, என் தம்பி நந்துவா, நந்து போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன, அவனுக்கு இந்த வயதில் இதே பின்கழுத்து இருந்தது, இதே சுழி, ஏறி முடித்ததும் ஏதோ களவு செய்துவிட்டவன் போலத் திரும்பிப் பார்க்கும் இதே பார்வை, ஏறிட்டான் பாரு எங்க சிங்கம், என்று என் கணவர் பூபதி சொல்கிறார், அவர் கண் காரின் மேல் இருக்கிறது, பிள்ளையின் கை மேல் இல்லை, நான் சோபாவைப் பார்க்கிறேன், அங்கே என் அப்பா, ஷோரூம்காரர்கள் கொடுத்த காபியை வாய்க்கருகே கொண்டுபோனவர், குடிக்காமல் அப்படியே கீழே வைக்கிறார், அப்பாவும் பார்த்துவிட்டார், இனி நான் பார்த்தது பொய்யென்று என்னால் சொல்லிக்கொள்ள முடியாது.

அக்கா, நீங்க உள்ள உக்காந்து பாருங்க, என்கிறாள் ஜான்சி, கார் காட்டுகிற பெண், எனக்கும் ரெண்டு இருக்குதுங்க்கா, அதனால சொல்றேன், சோறு, பாலு, வாந்தி, எதுன்னாலும் ஈரத்துணில தொடச்சா போயிரும், இந்த சீட்டு அழுக்கையே காட்டாது, பின்னாடி ஏசி தனியா வரும், கதவு உள்ளேருந்து தொறக்காம லாக் பண்ணிக்கலாம், பிஸ்கட்ட இடுக்குல போட்டா மட்டும் எடுக்க முடியாது, அது எந்தக் கார்லயும் முடியாது, என்று அவளே சிரிக்கிறாள், பூபதியும் சிரிக்கிறார், பழனிக்கு, கொடிவேரி அணைக்கு, அவர் தங்கை பிள்ளைகளையும் சேர்த்து ஒரே வண்டியில், ஏழு பேர், என்று ஆறு மாதமாக இந்தக் காரைத்தான் அவர் பேசிக்கொண்டிருக்கிறார், நானும் சரி என்றுதான் வந்தேன், மற்ற தாய்மார் எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் பார்க்க வந்தேன், தண்ணீர் பாட்டில் வைக்க இடம் இருக்கிறதா, மழையில் ஸ்கூல் பையோடு நனையாமல் ஏற முடியுமா, தூங்கிய பிள்ளையின் தலை சாயாமல் இருக்குமா என்று, ஆனால் என் உடம்பு வேறு எதையோ அளந்துகொண்டிருக்கிறது, கதவு எவ்வளவு அகலம் திறக்கிறது, திறந்த கதவுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம், இரண்டு பேர் நிற்க முடியாது, சீட்டின் விளிம்பு என் இடுப்புக்கு மேலே வருகிறது, இடுப்புவரை தூக்குகிற பாரம் வேறு, இடுப்புக்கு மேல் தூக்குகிற பாரம் வேறு, அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, என் முதுகுக்குத் தெரியும், நான் கை நீட்டி சீட்டை அழுத்திப் பார்க்கிறேன், வழுக்குகிறது, வழுக்குவது நல்லதுதான், உட்காரவைத்த பிறகு உள்ளே தள்ளலாம் என்று நினைக்கிறேன், நினைத்தவுடன் கையை இழுத்துக்கொள்கிறேன்.

அப்பாவின் வேனில் கதவு இழுத்துத் திறக்கும் கதவு, மளிகைக் கடைக்குச் சரக்கு ஏற்ற வாங்கிய வேன், உள்ளே எப்போதும் சீரகமும் சோப்பும் கலந்த வாசனை, அதன் தளம் என் முழங்காலுக்குச் சற்று மேலே இருக்கும், நந்து ஐந்து வயதில் அதில் இப்படித்தான் ஏறுவான், கை, முழங்கால், தொடை, நான் கைகொட்டிச் சிரிப்பேன், கிழவா என்று கூப்பிடுவேன், அவனும் தடி ஊன்றுகிற மாதிரி இருமிக்காட்டுவான், அவனுக்குக் கெண்டைக்கால் மட்டும் திரண்டு கல் மாதிரி இருக்கும், வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் அதைப் பிடித்துப் பார்த்து பயில்வான் கால் என்பார்கள், அம்மா திருஷ்டி பட்டுவிடும் என்று சாயங்காலம் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவாள், போனமாதம் லிகித்தைக் குளிப்பாட்டித் துவட்டும்போது பூபதி அவன் காலைப் பிடித்து, பாரு, கபடி ஆடறவன் காலு, அப்படியே எங்கப்பன் காலு, என்றார், நான் துண்டைக் கீழே போட்டுவிட்டேன், கை வழுக்கிவிட்டது என்றேன், அவன் அடிக்கடி விழுகிறான்தான், எல்லாப் பிள்ளையும் விழும், நுனிக்காலில் நடக்கிறான்தான், எல்லாப் பிள்ளையும் விளையாட்டுக்கு நடக்கும், எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் இருக்கிறது, படி ஏற வேண்டாம், இப்போதிருக்கும் சின்னக் கார் தரையோடு தரையாகக் கிடக்கிறது, அதில் ஏற வேண்டியதே இல்லை, உட்கார்ந்தால் போதும், அதனால் இன்றுவரை நான் எதையும் பார்க்காமல் இருக்க முடிந்தது, இந்த உயரமான கார்தான் என் பிள்ளையைப் பிடித்து எனக்குக் காட்டிவிட்டது.

நந்துவுக்கு ஏற முடியாமல் போனபோது அப்பா அவன் அக்குளில் கைகொடுத்துப் பிடிப்பார், நான் முழங்காலுக்கு அடியில், வேனின் கதவு முழுதும் திறந்திருப்பதால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம், பாத்துடா, மூட்டை கிழிஞ்சா ஓனர் திட்டுவாரு, என்று நந்து கடைச் சுமைக்காரர் குரலில் சொல்வான், ஒரு மூட்டை அரிசி, ஏத்துக்கூலி தனி, என்பான், சிரித்தால் அப்பாவுக்குப் பிடி நழுவும், சும்மா இருடா எருமை என்று வைவார், வேன் பழுதாகி ஓட்டமில்லாமல் போன வருடம் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்குப் போக யாரோ தங்கள் ஜீப்பைக் கொடுத்தார்கள், பெரிய ஜீப், பார்க்கவே கம்பீரம், மண்டபத்து வாசலில், நாதஸ்வரக்காரர்கள் நின்று பார்க்க, பன்னீர் தெளிக்கிற பெண்கள் நின்று பார்க்க, அவனை அந்த உயரத்திலிருந்து இறக்கினோம், ஒரு ஆள் நிற்கிற இடத்தில் இரண்டு பேர் இடித்துக்கொண்டு, சட்டை மேலே ஏறிச் சுருண்டது, பேண்ட் இடுப்பிலிருந்து நழுவியது, என் இரண்டு கையும் அவன் காலைப் பிடித்திருந்தது, பேண்ட்டை இழுத்துவிட எனக்கு மூன்றாவது கை இல்லை, நந்து கண்ணை மூடிக்கொண்டான், மூட்டை என்று சொல்லவில்லை, அதற்குப் பிறகு எங்கே கூப்பிட்டாலும், நீங்க போயிட்டு வாங்க, நான் மேட்ச் பாக்கறேன், என்பான், மேட்ச் இல்லாத நாளிலும் சொல்வான், உயிரோடு இருந்தவரை அவனைத் தூக்க நாங்கள் இரண்டு பேர்தான், மூச்சு நின்ற காலையில் பார்த்தால் வாசல் நிறையக் கைகள், விடும்மா நாங்க தூக்கிக்கறோம் என்று என்னைத் தள்ளிவிட்டார்கள், அவ்வளவு பேர் இவ்வளவு நாள் எங்கே இருந்தார்கள் என்று நான் நினைத்துக்கொண்டே நின்றேன், இன்னும் சில நாள் கனவில் நிற்கிறேன், கனவில் அந்த ஜீப் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் உயரமாகிறது.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது கூடத்தில் நந்துவின் படம் மாலையோடு இருந்தது, பூபதியின் அம்மா, பையனுக்கு என்னாச்சுங்க, என்று கேட்டார், சின்னதுல மொட்ட மாடியிலிருந்து விழுந்துட்டானுங்க, இடுப்புக்குக் கீழ போயிருச்சு, அப்புறம் ஒரு காய்ச்சல், என்று அப்பா சொன்னார், காபி டம்ளரோடு நின்ற எனக்கு அது வேறு யாரோ ஒரு பையனின் கதையாகக் கேட்டது, அம்மா அடுப்படியில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள், அவள் மட்டும் என்ன செய்வாள், டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார், இது சதை பலம் போற வியாதி, தாய் வழியா வர்றதும்மா, பொண்ணுக்கு வெளிய ஒண்ணும் காட்டாது, பொண்ணு பெத்த பையனுக்கு வரலாம், வராமயும் போகலாம், பிறகு லிகித் என் வயிற்றில் இருந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், உங்க குடும்பத்துல யாருக்காவது நடக்க முடியாம, இந்த மாதிரி, என்று ஆரம்பித்தார், நான் வாய் திறக்குமுன் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள், இல்லீங்க, அப்படி யாருமே இல்ல, என்றாள், பெற்று வளர்த்து எச்சில் துடைத்து இரவெல்லாம் புரட்டிப் படுக்கவைத்த பிள்ளையை, அப்படி யாருமே இல்லை என்றாள், வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள், இளநீர் வாங்கப் போன பூபதி திரும்பிவந்து, அத்தை சந்தோசத்துல அழுவறாங்க, என்றார், இப்போது அம்மாவும் இல்லை, அந்த அழுத்தம் மட்டும் மணிக்கட்டில் இருக்கிறது.

மாப்ள, இது வேண்டாமுங்க, என்கிறார் அப்பா, எழுந்து காருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார், என் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்க்கிறார், ஒசரம் ஜாஸ்தியா இருக்குது, என்கிறார், மாமா, அந்த ஒசரத்துக்குத்தானுங்க காசே, என்று பூபதி சிரிக்கிறார், இதுல உக்காந்தா லாரிக்காரனையே நேருக்கு நேரா நலம் விசாரிச்சுட்டுப் போலாம், இல்லீங்க மாப்ள, என்கிறார் அப்பா, சின்னப் பையன் ஏறி எறங்கோணுமல்ல, அட, இன்னும் ரெண்டு வருசத்துல எகிறிக் குதிப்பானுங்க மாமா, என்று சொல்லிவிட்டு அவர் காரின் மூக்கைத் தடவிக்கொடுக்கிறார், மாடு வாங்க வந்தவர் தடவுகிற மாதிரி, ஜான்சி எங்களைப் பின்பக்கம் அழைத்துப்போய் டிக்கியைத் திறக்கிறாள், அது தானாக மேலே எழும்புகிறது, மூணாவது சீட்ட மடிச்சுட்டா கட்டிலே போடலாமுங்க்கா, என்கிறாள், அந்த இடத்தைப் பார்க்கிறேன், சுத்தமாக, காலியாக, யாருடைய பொருளும் இன்னும் வைக்கப்படாமல், இதுல வீல்சேர் போகுங்களா, என்று ஒரு குரல் கேட்கிறது, எங்கள் வீட்டில் நந்துவுக்குப் பிறகு யாரும் சொல்லாத சொல், கேட்டது நான்தான்.

மடிக்கிறதுன்னா தாராளமாப் போகுங்க்கா, என்கிறாள் ஜான்சி, வீல்சேரா, யாருக்கு, என்கிறார் பூபதி, மாமாவுக்கா, அவரு கல்லாப்பெட்டிய விட்டே எந்திரிக்க மாட்டாரு, அவருக்கு எதுக்கு, என்று சிரித்து அப்பாவின் பக்கம் திரும்புகிறார், அப்பா உடனே, எனக்குத்தானுங்க மாப்ள, என்கிறார், முட்டி ரெண்டும் சுத்தமாப் போச்சு, டாக்டர் சொல்லிட்டாரு, எப்ப வேணா தேவப்படுமாம், நேராக நின்றுகொண்டு சொல்கிறார், அன்று கூடத்தில் மொட்டை மாடி என்று சொன்ன அதே குரல், எனக்காக இன்னொரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார், நுழைந்துவிட்டால் போதும், இன்னும் ஒரு வருடம், பழனி, கொடிவேரி, ஏழு பேர், பின்சீட்டில் பாட்டு, யாரும் எதையும் பார்க்க வேண்டாம், ஆனால் அந்த ஒரு வருடமும் லிகித் எல்லார் கண் முன்னாலும் ஏறிக்கொண்டிருப்பான், நான் மட்டும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவனை என்றைக்காவது ஒரு வாசலில் நான் தனியாக இறக்க வேண்டியிருக்கும், அப்பாவுக்கு இல்லீங்க, என்கிறேன், அம்மிணி, என்கிறார் அப்பா, அவ்வளவுதான், கெஞ்சுகிற மாதிரி, அப்பாவுக்கு இல்லீங்க, என்று மறுபடியும் சொல்கிறேன், பூபதியின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருக்கிறது, அணைக்க மறந்த விளக்கு மாதிரி.

லிகித் எப்போதோ இறங்கி, நுனிக்காலில் காரைச் சுற்றி ஓடி, மறுபடி கதவுக்கு வந்துவிட்டான், நானு, நானு, என்கிறான், வாடா தங்கம், அத்தை தூக்கி விடறேன், என்று ஜான்சி குனிகிறாள், தூக்காதீங்க, அவனே ஏறட்டும், என்கிறேன், ஏனுங்க, இங்க வாங்க, என் பக்கத்துல நின்னு பாருங்க, என்று பூபதியைக் கூப்பிடுகிறேன், என்னத்தப் பாக்கறது, என்கிறார், அவன் கையப் பாருங்க, கைய மட்டும் பாருங்க, பூபதி வந்து நிற்கிறார், அவர் சட்டையில் காலையில் நான் போட்ட இஸ்திரி மடிப்பு இருக்கிறது, எங்களுக்கு முன்னால் பிள்ளை ஒரு காலைப் படியில் வைக்கிறான், உள்ளங்கை முழங்காலுக்குப் போகிறது, அழுத்துகிறது, தொடைக்கு நகர்கிறது, அழுத்துகிறது, சிறிய கை, விரல்கள் வெளுக்கின்றன, இந்த முறை ஒரு தடவை நழுவி, மறுபடி முழங்காலிலிருந்து தொடங்குகிறான், ஜான்சியின் கை தன்னையறியாமல் முன்னே வந்து நிற்கிறது, அப்பா கண்ணாடிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார், பூபதி பிள்ளையின் கையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், அப்பாவின் முதுகைப் பார்க்கிறார், மறுபடி கையைப் பார்க்கிறார், நந்துவும் இப்படித்தானுங்க ஏறுனான், என்கிறேன், அவன் எங்கிருந்தும் விழலீங்க.

லிகித் ஏறிவிட்டான், அந்தப் பெரிய சீட்டின் நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறான், கால்கள் தரைக்கு வெகு மேலே தொங்குகின்றன, அப்பா, கதவச் சாத்துங்க, போலாம், என்கிறான் பூபதியிடம், எங்களில் யாருக்கும் கை நீளவில்லை, போலாம்ப்பா, என்கிறான்.